பத்து நாட்களுக்குள் திரும்பிவிடலாம்

நெடுங்காவூர் என்று ஒரு பேரூர் இருந்தது, இப்போதும் இருக்கிறது, நடுவில் ஒரு பத்து நாள் மட்டும் அது வேறு மாதிரி இருந்தது. அந்தப் பத்து நாளைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் மழையைச் சொல்வார்கள், வாய்க்கால் பெருகியதைச் சொல்வார்கள், தபால் போடப் போனவர்கள் எல்லாரும் கையில் மாத்திரையோடு திரும்பி வந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேரூராட்சி அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தமயந்தியைக் கேட்டால் மட்டும் அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வேற வேலை இருந்தா சொல்லுங்க" என்பாள்.

தமயந்திக்கு ஐம்பத்தொரு வயது, அதில் இருபத்திரண்டு வருடம் அந்த மேசையில் கழிந்தது. ஊரைக் கணினிக்குள் ஏற்றியவளே அவள்தான். தெருத் தெருவாக, வாசல் வாசலாக, எந்த வீட்டுக்கு எந்தக் குழாய், எந்தக் கம்பத்தில் எந்த விளக்கு, எந்தச் சந்து எங்கே போய் முட்டுகிறது, எந்த வேப்பமரம் யார் வேலிக்குள் நிற்கிறது என்று எல்லாவற்றையும் அவள் விரல்தான் தட்டி உள்ளே அனுப்பியது. அதனால் நெடுங்காவூர் இரண்டு இடத்தில் இருந்தது, ஒன்று மண்ணில், மற்றொன்று தமயந்தியின் மேசையில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மேசையில் இருப்பதுதான் சரி என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. "கம்ப்யூட்டர்ல என்ன இருக்குன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டால் சுவர்ச் சண்டைக்காரர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். பழைய கணினி மெதுவானதுதான், பொத்தானை அமுக்கிவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் அது எழுந்து உட்காரச் சரியாக இருக்கும், ஆனால் அதற்குள் எது எங்கே இருக்கிறதென்று தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அவள் வீடு அலுவலகத்துக்கு நேர் பின்னால் மேட்டுத் தெருவில் இருந்தது. அலுவலகத்தின் பின்பக்க இரும்புக் கதவைத் திறந்தால் மூன்றாவது வாசல். உள்ளே அவள் கணவர் நாகலிங்கம் படுத்திருந்தார். பேருந்து நடத்துநராக இருந்தவர், நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார். உடம்பு பாதி போனாலும் வாய் முழுசாக இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும், வந்தால் லேசில் ஆறாது, சில பேருக்கு ஆறுவதே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினொன்று, ஒன்று, மூன்று என்று மூன்று தடவை தமயந்தி பின்பக்கக் கதவு வழியாக ஓடுவாள், அவரைப் புரட்டுவாள், பவுடர் போடுவாள், திட்டு வாங்கிக்கொள்வாள், மேசையில் வைத்த டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள். நான்கு வருடத்தில் ஒரு புண் வரவில்லை. பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை, இது ஒன்றுதான் இருந்தது, இதையும் அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய இயங்குதளம் இனிமேல் பாதுகாப்பானதல்ல, இந்தத் தேதிக்குள் எல்லாரும் புதியதற்கு மாறிவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்தத் தேதி ஆயுத பூசைக்கு முந்தின நாளாக வந்து வாய்த்தது. செயல் அலுவலர் துரைசிங்கம் பயந்த மனிதர், தேதி தவறினால் தலை போய்விடும் என்று நினைக்கிறவர். "இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்கம்மா" என்றார். பிற்பகல் இரண்டு மணிக்குத் தமயந்தி ஆரம்பித்தாள். திரை நீலமாகி நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. அதற்குக் கீழே, இத்தனை சதவீதம் முடிந்தது, தயவுசெய்து கணினியை அணைக்க வேண்டாம் என்று எழுத்து ஓடியது.

மறுநாள் விடுமுறை என்பதால் அன்று சாயங்காலமே அலுவலகத்தில் பூசை. டிராக்டரைக் கழுவித் துடைத்து மாலை போட்டாயிற்று, குழாய்த் திறப்பானுக்கும் ஏணிக்கும் மண்வெட்டிக்கும் கொசுமருந்து அடிக்கும் யந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, பொரியும் கடலையும் தட்டில் குவிந்தாயிற்று, கணினி மட்டும் அறுபத்து நான்கு சதவீதத்தில் நின்று சுற்றிக்கொண்டே இருந்தது. தலைமை எழுத்தர் தட்டோடு வந்து நின்றார். ஓடுகிற ஆயுதத்துக்குப் பூசை போடக்கூடாது, ஆயுதம் அன்றைக்கு ஓய்வாக இருக்க வேண்டும், இது எல்லாருக்கும் தெரிந்த முறை. "அணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்" என்றாள் தமயந்தி. "அது அந்த ஊர்க்காரன் போட்டது, அவனுக்கு ஆயுத பூசை தெரியுமா? நல்ல நேரம் அஞ்சரையோட முடியுதும்மா" என்றார் அவர். தமயந்தி யோசித்தாள். பூசை போடாமல் விட்டால் வருடம் முழுக்க மனசில் உறுத்தும், அணைத்துவிட்டுப் பிறகு போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடாதா என்ன? அவளே குனிந்து, அவள் கையாலேயே, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கறுத்துப்போன திரையில் மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். அழகாகத்தான் இருந்தது.

விடுமுறை முடிந்து விஜயதசமிக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முறைப்படி எல்லா ஆயுதங்களையும் தொட்டு எழுப்பினார்கள். டிராக்டர் கிளம்பியது. கணினியும் கிளம்பியது, 'வணக்கம், எல்லாம் தயார்' என்றது. எதுவும் தயாராக இல்லை. இடது மூலையில் இருந்தது நடுவுக்கு வந்திருந்தது, நடுவில் இருந்தது எதற்கோ உள்ளே போய் ஒளிந்திருந்தது, பிரிண்டரை அதற்கு அடையாளம் தெரியவில்லை, இருபத்திரண்டு வருடம் பழகிய விரலுக்குப் போகிற இடமெல்லாம் சுவராக இருந்தது. ஓரத்தில் ஒரு கட்டம் எழுந்து இன்று கனமழை என்றது, இன்னொரு கட்டம் எழுந்து எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. இரண்டு மணி நேரம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, பதினொரு மணிக்குத் தமயந்தி பின்பக்கக் கதவைத் திறந்தாள். அங்கே மேட்டுத் தெரு இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் இருக்க வேண்டிய காலனி இருந்தது.

முதல் வாசலில் செல்லக்கிளி நின்றுகொண்டிருந்தாள். பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர், காலையில் தெரு கூட்டி, பிறகு அலுவலகத்தையும் கூட்டித் துடைப்பவள், தமயந்தியைவிடப் பத்து வயது இளையவள். "என்னக்கா, எங்க தெரு இங்க வந்து கெடக்கு" என்றாள். தமயந்தி, "எங்க தெரு எங்க போச்சு?" என்றாள். செல்லக்கிளி கையை நீட்டி, தூரத்தில் தென்னந்தோப்புக்கும் சுடுகாட்டுக்கும் அப்பால், காலனி இருந்த திசையைக் காட்டினாள்.

அந்த வழியைத் தமயந்தி கணினியில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், காலால் நடந்ததில்லை. இரண்டு மைல். நடுவில் வாய்க்கால், அதன் மேல் பாலமில்லை, ஒரு பனந்தடி கிடந்தது. பாலம் வேண்டும் என்று காலனிக்காரர்கள் கொடுத்த மனுவைப் பதினொரு வருடத்துக்கு முன்னால் தமயந்தியேதான் பதிவு செய்தாள், அன்றிலிருந்து அது 'பரிசீலனையில் உள்ளது' என்றே இருந்தது. தண்ணீர் குறைவாக இருக்கும்போது தடி மேல் நடக்கலாம், மழை வந்தால் தடி மூழ்கிவிடும், அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க வேண்டியதுதான். தமயந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தடி மேல் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து அக்கரை போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மேட்டுத் தெரு வரிசை குலையாமல் அங்கே நின்றது, அவள் போட்ட கோலம்கூட வாசலில் அழியாமல் இருந்தது. நாகலிங்கம் சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுடுகாடு பக்கத்துலயே வந்துடுச்சு பாத்தியா. தூக்கறவனுக்குச் சிரமம் இல்ல" என்றார்.

"வாயைக் கழுவுங்க" என்று சொல்லி அவரைப் புரட்டினாள். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது.

இப்படியாக நெடுங்காவூர் அறுபத்து நான்கு சதவீதம் புதியதாயிற்று. மிச்சம் முப்பத்தாறு அப்படியே நின்றது, கடைத்தெருவும் பேரூராட்சி அலுவலகமும் பெருமாள் கோயிலும் நகரவில்லை, மற்றதெல்லாம் கலைத்துப் போட்டதுபோல வேறு வேறு இடத்தில் கிடந்தது. ஊர்க்காரர்கள் வெளியே வந்தார்கள், பார்த்தார்கள், ரேஷன் கடை எங்கே இருக்கிறதென்று தேடிப்போனார்கள். ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டவர்கள் குறைவு, எந்தப் பக்கம் போகணும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். தபால் நிலையத்துக்கு வழி அரசு மருந்தகத்தின் உள்ளே போய்த்தான் இருந்தது, மருந்தகத்தில் நுழைந்தவர்களுக்கு மாத்திரை கொடுக்காமல் அனுப்பும் வழக்கமில்லை, ஆகவே அந்தப் பத்து நாளில் ஊரில் கடிதம் போட்ட எல்லாரும் இருமலுக்கு மாத்திரை சாப்பிட்டார்கள். பேருந்து நிலையம் மாட்டுச் சந்தைக்குள் போய்விட்டதால் பேருந்துகள் வந்து மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. பிள்ளையார் தெற்கே பார்த்து உட்கார்ந்துவிட்டார், அர்ச்சகர் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு மறுநாள் தான் வடக்கே பார்த்து நின்று பூசையை நடத்தினார். ஆரோக்கியசாமி என்று ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முச்சந்தியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எது எங்கே என்று அவரைக் கேட்கலாம், ஆனால் கேட்டதை உடனே சொல்லமாட்டார், முதலில் தன் மருமகன் ஓட்டலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வார், பிறகு நீங்கள் கேட்டதற்குக் கிட்டத்தட்ட ஒன்றைச் சொல்வார், அதற்கும் பிறகுதான் கேட்டது வரும். ஜனங்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள். சாயங்காலம் ஆனால் பெண்கள் குழாயடியில் நின்று, நேற்றைவிட இன்றைக்கு எவ்வளவு சீக்கிரம் வீட்டைக் கண்டுபிடித்தோம் என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

தமயந்தி மூன்றாம் நாள் உதவி எண்ணுக்குப் பேசினாள். ஒன்றை அமுக்கு, ஐந்தை அமுக்கு, காத்திரு என்று நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள்.

"பாதியில அணைச்சிருக்கீங்க மேடம்."

"பூசைக்காக அணைச்சோம்மா."

"மேலே முடிக்க முடியாது மேடம், இப்படியே வச்சிக்கலாம். வேண்டாம்னா பத்து நாளைக்குள்ள பழையதுக்குத் திரும்பிடலாம். பத்து நாள் தாண்டிட்டா அந்த ஆப்ஷன் போய்டும் மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"தெருவெல்லாம் மாறிக் கெடக்கும்மா" என்றாள் தமயந்தி.

"ஆமா மேடம், நிறைய பேர் சொல்றாங்க. போகப் போகப் பழகிடும்" என்றாள் அந்தப் பெண்.

திரும்பிவிடலாம் என்று தெரிந்ததும் தமயந்திக்கு உயிர் வந்தது. அன்றைக்கே அமுக்கியிருப்பாள், துரைசிங்கம்தான் கையைப் பிசைந்தார். சுற்றறிக்கைக்கு மாறிவிட்டோம் என்று பதில் போட்டாயிற்று, இப்போது திரும்பினால் யார் பதில் சொல்வது? இரண்டு நாள் பார்ப்போம், மேலிடத்தில் கேட்போம் என்றார். விடுப்புக் கேட்டாள், "நீங்க போய்ட்டா இந்தப் பொட்டியை யாரும்மா தொறப்பா?" என்றார். அது உண்மைதான், பிறப்பு இறப்புச் சான்றுக்கு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், ஒரு சான்று எடுக்க அந்தப் புதியதில் முக்கால் மணி நேரம் தேட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நாகலிங்கத்தைப் புரட்டித் தர வந்தார், கனம் தாங்காமல் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார். மேட்டுத் தெருவில் மற்ற எல்லாருக்கும் காலையில் வேலைக்குப் போக இரண்டு மைல் நடக்க வேண்டியிருந்தது. ஆகவே தமயந்தி காலை ஏழு மணிக்கு அவரைப் புரட்டிவிட்டுக் கிளம்புவாள், பிறகு சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் புரட்டுவாள். நடுவில் பன்னிரண்டு மணி நேரம் அவர் ஒரே பக்கம் கிடந்தார். நாலாம் நாள் தோல் வழன்றது. ஆறாம் நாள் புண். அதைக் கழுவும்போது அவர் திட்டவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார், அது அவளுக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது.

மழையும் பிடித்துக்கொண்டது. பனந்தடி மூழ்கியது. தமயந்தி மாற்றுச் சேலையை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி வாய்க்காலைக் கடந்தாள். முதல் நாள் அலுவலகத்துக்கு வந்து துணி மாற்ற இடம் தேடியபோது, செல்லக்கிளி துடைப்பங்கள் வைக்கும் சின்ன அறையைத் திறந்துவிட்டாள். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி இருந்தது.

"இதுல மாட்டுங்கக்கா ஈரத்தை. நான் அடிச்ச ஆணிதான். சாயங்காலத்துக்குள்ள முக்காவாசி காஞ்சிடும்" என்றாள். பிறகு, "தடிக்கு இடதுபக்கமா எறங்குங்க, வலதுபக்கம் பள்ளம்" என்றாள்.

"எத்தனை வருசமா இப்படி வர்றே?"

"வாக்கப்பட்டு வந்ததுலேருந்துதான்" என்றாள் செல்லக்கிளி.

அந்த நாட்களில் செல்லக்கிளி உலர்ந்த சேலையில் வந்தாள். பத்து மணிக்கு வேலை முடிந்ததும் பின்பக்கக் கதவைத் திறந்து தன் வீட்டுக்குப் போய்ச் சூடாகக் கஞ்சி குடித்துவிட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பாள். அவள் மகன் முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் இருந்தானாம், வாத்தியார் அதிசயமாகப் பார்த்தாராம். "எத்தனை நாளைக்கோக்கா, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்" என்பாள். தமயந்தி சன்னல் வழியாக அந்தக் கால்களைப் பார்ப்பாள். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருந்த இடத்தில் புதுத் தோல் வந்துகொண்டிருந்தது. பார்க்க நன்றாக இருந்தது, பார்க்கப் பிடிக்கவும் இல்லை. தன் கால்விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியிருந்தது அவளுக்கு.

பத்து நாள் கெடுவைப் பற்றி அவள் செல்லக்கிளியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள், இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டாள். ஆனால் அலுவலகத்தில் பேசுவது கடைத்தெருவுக்குப் போகாமல் இருக்காது. பாத்திரக்கடை தனபால் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பத்தாம் நாள் காலையில் வந்துவிட்டார். தமயந்தி அப்போதுதான் ஈரத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கோட கடைசியாமே தங்கச்சி. திருப்பிடும்மா."

"உங்க கடை நகரவே இல்லையேண்ணே. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"கடை நகரலம்மா. ஆனா ஊருன்னு ஒரு அமைப்பு இருக்குல்ல? எது எது எங்கெங்க இருக்கணுமோ அங்கங்க இருந்தாத்தானே நமக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லது." அவர் பின்பக்கக் கதவைப் பார்க்காமலேயே அந்தப் பக்கம் தலையை ஆட்டினார். மற்ற நான்கு பேரும் ஆமாம் என்றார்கள். ஒருவர் வாஸ்து என்றார்.

தமயந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவர்கள் கேட்பதைத்தான் அவளும் பத்து நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேறு காரணத்துக்காகத்தான், ஆனால் பொத்தான் ஒன்றுதானே இருக்கிறது? எழுந்து, போங்கய்யா வெளியே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லியிருப்பாள், காலையில் கட்டுப் பிரித்தபோது அந்தப் புண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அது உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது, வாடை வந்தது. நாகலிங்கம் சுவரைப் பார்த்தபடியே, "ஏண்டி, அதை அமுக்கித் தொலையேன்" என்று சொன்னார். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். முப்பது வருடத்தில் அவர் அவளிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

துரைசிங்கம் வந்து, "நான் எழுத்துல எதுவும் குடுக்க மாட்டேன்மா, நீங்க பாத்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு ஆய்வுக்குப் போவதாகக் கிளம்பிப் போனார். தனபால் கூட்டமும் போனது. தமயந்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே செல்லக்கிளியின் வாசலில் ஆள் இல்லை, இரண்டு செருப்புகள் மட்டும் உலர்ந்து கிடந்தன.

அமைப்புகளுக்குள் போய், அதற்குள் ஒன்றைத் திறந்து, அதற்குள் இன்னொன்றைத் திறந்து, பதினோராவது இடத்தில் அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தாள். 'இன்னும் சில மணி நேரம் மட்டுமே' என்று அதன் பக்கத்தில் இருந்தது. அமுக்கினாள். உடனே திரும்பவில்லை, கேள்வி கேட்டது. ஏன் திரும்புகிறீர்கள்? கீழே காரணங்கள் வரிசையாக இருந்தன: பழையது எளிதாக இருந்தது, பழையது வேகமாக இருந்தது, என் சாதனங்கள் வேலை செய்யவில்லை, வேறு காரணம். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கணினி அவளை ஏன் என்று கேட்டது அதுதான் முதல் தடவை, துரைசிங்கம் கேட்கவில்லை, தனபால் கேட்கவில்லை, ஊரே கேட்கவில்லை. தமயந்தி வேறு காரணத்தைத் தேர்ந்தெடுத்தாள். விளக்கமாகச் சொல்லுங்கள் என்று ஒரு கட்டம் திறந்தது. அவள் தட்டினாள்: 'என் வீட்டுக்காரருக்கு முதுகில் புண் வந்துவிட்டது. அந்த வழி நடக்கிற வழி இல்லை. அதில் இத்தனை நாள் யார் நடந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அமுக்குகிறேன்.' நீளம் அதிகம், சுருக்கவும் என்றது. முதல் வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்தாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று சொல்லிவிட்டுத் திரை நீலமாயிற்று.

மூன்று மணி நேரம் ஓடியது. இந்தத் தடவை அந்தப் பிளக்குக்குப் பக்கத்தில் தமயந்தி யாரையும் விடவில்லை. நூறு சதவீதம் என்று வந்து, பழைய படம் வந்து, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்ததும் அவள் பின்பக்கக் கதவைத் திறந்தாள். மேட்டுத் தெரு இருந்தது. ஓடினாள்.

அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, அப்படியே கட்டில் விளிம்பில் தலை சாய்த்து அழுதாள். நாகலிங்கம் அசைகிற கையால் அவள் தலையைத் தொட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த சனமெல்லாம்?" என்று கேட்டார்.

"அவங்க எடத்துக்குப் போய்ட்டாங்க."

"அவங்க எடமா?" என்றார் நாகலிங்கம். "பத்து நாள் நாமளுந்தான் அங்க கெடந்தோம். அதை எடம்னு சொல்லாத."

மறுநாள் ஊர் எழுந்து பார்த்து, சரி திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டு, பழைய வழியில் நடக்கத் தொடங்கியது. இரண்டு நாள் கால் தடுமாறினார்கள், அவ்வளவுதான். ஆரோக்கியசாமி மட்டும் முக்காலியை எடுக்க மனமில்லாமல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். பிள்ளையார் கிழக்கே திரும்பியதும் அர்ச்சகர் பெருமூச்சு விட்டார்.

பத்து மணிக்குக் கடைத்தெருவிலிருந்து தமயந்தியின் மேசைக்கு ஒரு பெட்டி வந்தது. பெரிய பெட்டி, நெய் மைசூர்பாகு, மேலே வியாபாரிகள் சங்கம் என்று ஒட்டியிருந்தது. கொண்டுவந்தவர் தனபாலே நேரில், "ஊரைக் காப்பாத்திட்டே தங்கச்சி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் போய்விட்டார். பெட்டி மேசையில் இருந்தது, வாசனை அறை முழுக்கப் பரவியது.

செல்லக்கிளி அன்று ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தாள், வாசலிலேயே நின்று சேலையைப் பிழிந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"தண்ணி ஏறிடுச்சுக்கா. பையனை இன்னைக்கு அனுப்பல. அதுவே வந்துச்சு, அதுவே போய்டுச்சு, என்ன பண்றது" என்று சிரித்தாள். "சார் எப்படி இருக்காரு? புண்ணுன்னு சொன்னாங்களே."

"பரவாயில்ல" என்றாள் தமயந்தி. என்ன செய்வதென்று தெரியாமல் கை தானாகப் பெட்டியைத் திறந்தது. "எடுத்துக்கோ செல்லக்கிளி."

செல்லக்கிளி கையைச் சேலையில் துடைக்கப் பார்த்தாள், சேலையே ஈரம், ஆகவே காற்றில் உதறிவிட்டு ஒரு துண்டை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது, "என்ன விசேஷம்க்கா?" என்று கேட்டாள்.

சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை.

"நான்தான் திருப்பினேன்" என்றாள் தமயந்தி. "அதுவா போகல. திரும்ப வேணாம்னா விட்டிருக்கலாம். நான்தான் அமுக்கினேன். அதுக்குத்தான் கடைக்காரங்க குடுத்தாங்க."

செல்லக்கிளி அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று தமயந்தி காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். செல்லக்கிளி திட்டவில்லை. கையிலிருந்த துண்டைப் பெட்டியில், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள், மூடியைப் போட்டு நான்கு பக்கமும் அழுத்தினாள். "சாருக்குச் சீக்கிரம் ஆறட்டும்க்கா" என்றாள். பிறகு அந்தச் சின்ன அறைக்குப் போய்த் துணியையும் வாளியையும் எடுத்து வந்து, வாசலிலிருந்து மேசை வரைக்கும் தரையில் விழுந்திருந்த தன்னுடைய ஈரக் கால்தடங்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.